ஸ்லிப் படத்தை நம்பி பொருளைக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகளின் பழைய தையல் மெஷினை 28,000 ரூபா என்று போன மாதம் இணையத்தில் போட்டேன். பத்து நிமிசத்தில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டார். பேரம் பேசவுமில்லை, மெஷினைப் பார்க்கக் கேட்கவுமில்லை (நம்ம ஊரில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் யார் வாங்குகிறார்கள்?), தான் கொழும்பில் நிற்பதாகவும் கூரியர்காரர் வந்து எடுப்பார் என்றும் சொல்லி, காசு போட்ட ஸ்லிப் என்று ஒரு படத்தை அனுப்பினார். அதில் 48,000 என்று இருந்தது. தவறுதலாகக் கூடப் போட்டுவிட்டாராம், 20,000 ரூபாவை உடனே திருப்பி அனுப்பட்டாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த 4 மட்டும் மற்ற இலக்கங்களைவிடத் தடிப்பு. கணக்கைப் பார்த்தேன், ஒரு சதமும் வரவில்லை. சொன்னதும் ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார்.

விற்கிறவர்களே, காசு வாங்க கணக்கு இலக்கம், பெயர், வங்கிக் கிளை போதும். போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டால் அது உங்கள் காசை எடுக்கத்தான். காசோலை போட்டிருந்தாலும் அது தேறும்வரை பொருளைக் கொடுக்காதீர்கள். முடிந்தால் ஆளை நேரே வரச் சொல்லுங்கள், வீட்டுக்கு வேண்டாம், வங்கி வாசலுக்கு.

மெஷின் இன்னும் விறாந்தையில்தான் கிடக்கிறது.

வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு