காயில் கட்டித் தந்தவர்களுக்கு

சுங்கை சிப்புட்

பெரிய ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் அண்ணனுக்கும், எண்ணெய்ப்பனை ஆலைப் பட்டறை ஃபிட்டர் மாமாவுக்கும், சர்க்கியூட் படத்தைப் படித்துச் சொன்ன ஆசிரியர் ஐயாவுக்கும் நன்றி. பந்தை அடிக்கும் காயில் எரிந்து நின்ற மன்றத்துப் பின்பால் விளையாட்டுப் பெட்டி மறுபடி ஓடுகிறது. யார் எதைச் செய்தீர்கள் என்று எழுதிவைக்கிறோம். அடுத்து அதைத் திறப்பவருக்கும் ஆகும்.

ஐயா, பெட்டி செய்த வில்லியம்ஸ் கம்பெனியின் காயில் தாளில் இருந்த ஏஈ-23-800ஐப் பிரித்துக் காட்டியது நீங்கள். முன்னெழுத்து காயிலின் வகை, 23 கம்பியின் கேஜ், அதாவது தடிப்பு எண், 800 சுற்று. கேஜ் எண் ஏறினால் கம்பி மெலியும். சுற்று கூடினால் அடியும் பலமாகும் என்றுதான் எவருக்கும் தோன்றும், நடப்பது நேர்மாறு. சுற்று குறைந்தால் ஓம், அதாவது மின்தடை, இறங்கும், கரண்ட் சட்டென்று ஏறும், பந்து பறக்கும். சூடும் கூடும்.

அண்ணே, 23 என்றதும் கம்பியை உருவாமல் "அமெரிக்க கேஜா, பிரிட்டிஷ் கேஜா?" என்று கேட்டீர்களே, அதற்கே ஒரு தே தாரிக் கடன்பட்டிருக்கிறோம். அமெரிக்க 23 சுமார் 0.57 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் 23 என்றால் 0.61, உருளையில் இடம் நெருக்கும், ஓமும் குறையும். நீங்கள் சுற்றிய பிரிட்டிஷ் 24 சுமார் 0.56. மீட்டர் 4.4 ஓம் காட்டியது, கம்பெனிக் காயில் 4.2 அருகே. போதும்.

பந்தைத் தட்டும் துடுப்பை இயக்கும் ஃபிலிப்பர் காயிலில் இரண்டு கட்டு: அடிப்பதற்கு 4 ஓம் அளவில் ஒன்று, தூக்கிப் பிடிப்பதற்கு 150 ஓம் அளவில் மெல்லியது. துடுப்பு மேலேறி முடியும்போது கடைக்கோடி சுவிட்ச் திறந்து முதல் கட்டை வெட்ட வேண்டும். திறக்காவிட்டால் 50 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓடிக்கொண்டேயிருக்கும்; சில நொடியில் புகை. மாமா அந்தத் தொடுமுனையை அரம் போட்டுத் தேய்த்து இடைவெளி சரிசெய்தார். அது டங்ஸ்டன் முனை, அரம் தாங்கும். தங்கப்பூச்சு முனையில் அரம் வைத்தால் பூச்சு போய்விடும், காகிதம் மட்டுமே. உருகிய நைலான் உறையையும் மாற்றியவர், எண்ணெய் விட வந்த கையைத் தட்டிவிட்டார். எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகும்.

புதுக் காயிலை மாட்டிய உடனே சுவிட்ச் போடவிடாமல் தடுத்ததும் ஐயாதான். காயிலுக்குக் கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் புதியதும் எரியும். காயிலில் மாட்டும் 1என்4004 டயோடின் கோடு, கரண்ட் வரும் முனைப் பக்கம். திருப்பி வைத்தால் முதல் அடியிலேயே டிரான்சிஸ்டர் போகும்.

மீதிக் கம்பி மன்றத்து அலமாரியில் இருக்கிறது. அண்ணே, வேண்டுமென்றால் ஆளனுப்புங்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள்