முட்டினால் முத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், மகளுக்கு வந்திருப்பது ‘கிஸ்ஸிங் டிசீஸ்’ என்று டாக்டர் சொன்னதாக ஒரு தாய் எழுதியிருந்தார். அதை ‘முத்த நோய்’ என்று தமிழாக்கி, கல்லூரி வயதில் முத்தத்தால் பரவுவது என்று இரண்டே வரியில் பதிலை முடித்துவிட்டீர்கள். அதைப் படித்த அன்று அந்த வீட்டில் என்ன விசாரணை நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. காது மூக்கு தொண்டை வார்டில் 31 வருடம் நர்ஸாக இருந்தவள் நான்.

ஒருமுறை டான்சில் ஆபரேஷனுக்கு 16 வயதுப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். கேஸ் ஷீட்டில் ‘கிஸ்ஸிங் டான்சில்ஸ்’ என்று எழுதியிருந்தது. துணைக்கு வந்த சித்தப்பா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, பெண்ணின் அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த அம்மா கலங்கிப்போய் என்னிடம் வந்து, “எம்புள்ள அப்படிப்பட்ட புள்ள இல்லையே சிஸ்டர்” என்றார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் பெண்ணை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துக் காட்டினேன். இரண்டு பக்கத்து டான்சிலும் வீங்கி நடுவில் வந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது: “முட்டுதுன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?”

நான் பார்த்த மருத்துவ மொழிபெயர்ப்புகளில் அதுதான் முதல் தரம்.

ஆங்கில மருத்துவத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு தொட்டுக்கொண்டால் போதும், ‘கிஸ்’ என்று எழுதிவிடுவார்கள். முதுகெலும்புகளின் பின்பக்கம் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் ஒன்றையொன்று உரசி வலிப்பதை 1933-ல் டென்மார்க்கின் எக்ஸ்ரே நிபுணர் போஸ்ட்ரூப் விவரித்தார். அது ‘கிஸ்ஸிங் ஸ்பைன்’. முன்சிறுகுடலின் முன்சுவரிலும் பின்சுவரிலும் நேருக்கு நேர் புண் வந்தால் ‘கிஸ்ஸிங் அல்சர்’. இதய ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பை விரிக்கப் பக்கத்துக்கொன்றாக இரண்டு பலூனை ஒரே நேரத்தில் ஊதினால் ‘கிஸ்ஸிங் பலூன்’. தமிழில் முட்டும் டான்சில், உரசும் முள், எதிர்ப்புண் என்று எழுதினால் எந்தச் சித்தப்பாவும் யாரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போகமாட்டார். பலூனை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். அதன் பெயரைக் கேட்டு யாரும் சண்டை போட்டதில்லை.

உங்கள் வாசகியின் மகளுக்கு வந்தது வேறு வகை. அங்கே எதுவும் முட்டவில்லை. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் எச்சிலில் இருக்கிறது, எச்சில் வழியே பரவுகிறது. முத்தம் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். ஒரே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தாலும் வரலாம். நம் ஊர்ப் பக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, அறிகுறியே இல்லாமல் போய்விடுகிறது. அப்போது தப்பித்துப் பதின்வயதில் மாட்டுபவர்களுக்குத்தான் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது, வாரக்கணக்கில் அசதி எல்லாம். தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஆகவே ‘போன வாரம் யாரோடு இருந்தாய்’ என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்க்கிற நாம், இதை ‘எச்சில் காய்ச்சல்’ என்று சொல்ல ஏன் யோசிக்க வேண்டும்?

தென் அமெரிக்காவில் ‘கிஸ்ஸிங் பக்’ என்று ஒரு பூச்சி உண்டு. தூங்குகிறவர் முகத்தில், உதட்டோரம் கடிக்கும். அதன் கழிவிலிருக்கும் கிருமி கடிவாயில் தேய்ந்து உள்ளே போனால் சாகாஸ் நோய். பல வருடம் கழித்து இதயத்தையே கெடுக்கும். 1909-ல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ் கண்டறிந்தது. அந்த நாட்டுக்காரர்கள் பூச்சிக்கு வைத்த பெயர் ‘பார்பெய்ரோ’, அதாவது நாவிதர். முகத்தைத் தேடி வருகிறதல்லவா! கடி வாங்கியவர்களுக்கு முத்தம் ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

நிஜமான முத்தத்துக்கும் மருத்துவத்தில் இடம் உண்டு. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கிற குழந்தை நீண்ட நாள் இருக்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை. நுரையீரலைக் கெடுக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் வியர்வையில் உப்பு மிகுதியாக இருப்பதை 1950-களில்தான் மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். முத்தமிட்டவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பேச்சில் முற்றமே முத்தம்தான். ‘முத்தத்துல வத்தல் காயுது, காக்காயப் பாத்துக்கோ’ என்பார் என் மாமியார். யாழ்ப்பாணத்தாரோ முத்தமிடுவதையே கொஞ்சுவது என்கிறார்கள். இத்தனை நுணுக்கம் உள்ள மொழியில் ‘முத்த நோய்’தான் கிடைத்ததா?

அந்தத் தாய்க்கு நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இந்தக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கும், அடிபட்டால் கிழியக்கூடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை, குறைந்தது மூன்று நான்கு வாரமாவது, கபடி, வாலிபால், பாரம் தூக்குவது எதுவும் கூடாது. அடுத்த இதழில் இதையாவது அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.