தடைக்காலத்தில் வட்டி மட்டும் வாங்குங்கள்: நுண்கடன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

நுண்கடன் நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களுக்கும் கடலோரக் கிளை மேலாளர்களுக்கும்,

வணக்கம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடன் கொடுக்கும் அன்றே உங்களுக்கும் இது தெரியும். ஆனாலும் படகுத் தொழிலாளி குடும்பத்துக்கு நீங்கள் தரும், தவணை எழுதும் கடன் அட்டையில் ஜனவரித் தவணையும் மே தவணையும் ஒரே தொகையாகத்தான் அச்சாகி வருகிறது.

கோளாறு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. ஆண்டு வருமானத்தை 12ஆல் வகுத்து மாத வருமானம் என்று எழுதுகிறீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறைப்படி நுண்கடனுக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 3 லட்சம். எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வரம்பை ஒட்டி இருக்கும் குடும்பத்துக்குக் காகிதத்தில் மாதம் 25,000 ரூபாய். தவணை 12,500 வரை போகலாம். தடைக்காலத்து இரண்டு தவணைக்கு 25,000 ஆயிற்று. அந்த 61 நாளுக்கும் சேர்த்து அரசு நிவாரணம் 8,000.

மீதிக்கு இன்னொரு நிறுவனத்தில் கடன், இல்லையென்றால் மீன் ஏலக்காரரிடம் முன்பணம். முன்பணம் வாங்கினால் அடுத்த சீசன் மீனுக்கு விலை சொல்லும் வாய் அடைபட்டுவிடும். கூட்டுப் பொறுப்பில் கடன் வாங்கிய குழுவில் மற்றவர்கள் போட்டுக் கட்டட்டும் என்பீர்கள். அவர்கள் வீட்டுப் படகும் அதே கரையில்தானே கட்டிக் கிடக்கிறது?

ஒரு கணக்கு பாருங்கள். கடன் 40,000, குறையும் இருப்பில் (அதாவது மீதமிருக்கும் அசலுக்கு மட்டும்) ஆண்டு வட்டி 24 சதவீதம், 24 மாதம், ஜூலை 1இல் பட்டுவாடா. சமத் தவணை என்றால் மாதம் சுமார் 2,115. மே, ஜூன் மாதங்களில் வட்டி மட்டும் என்று வைத்தால் மற்ற 20 தவணைகள் சுமார் 2,446. முதல் தடைக்காலத்தில் மாதம் 479 ரூபாய் கட்டினால் போதும். அடுத்த ஆண்டு 48. மொத்த வட்டி 10,756இலிருந்து 9,979ஆகக் குறையும், மீன் படும் மாதங்களில் அசல் வேகமாகக் கழிவதால். உங்களுக்கு 777 ரூபாய் வரவு குறைவுதான். ஒரு வாராக் கடனுக்கு ஒதுக்கும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதைக் கடன் அனுமதிக்கும்போதே அட்டவணையில் எழுதுங்கள். தவறிய பிறகு மாற்றினால் அது மறுசீரமைப்பு; கணக்கின் மேல் கறை விழும். தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் மே மாதம் அசல் கட்டாதது பாக்கியே ஆகாது, கடன் மதிப்பெண்ணும் அடிபடாது. வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணை இடைவெளியைத் தளர்த்த நிர்வாகக் குழு ஒப்புதலோடு ஒரு கொள்கை வேண்டும் என்று அதே நெறிமுறை சொல்கிறது. அந்தக் கொள்கை கிளையில் விண்ணப்பம் நிரப்புகிறவர் கைக்கு வர வேண்டும்.

மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டவணையை மென்பொருளில் ஏற்றிவிடாதீர்கள். கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

படகு பழுதுக்கும் வலைக்கும் மே மாதத்தில் கடன் கேட்டு வருவார்கள். ஜூன் முதல் தேதியில் முதல் தவணை வைத்தால் வாங்கிய பணத்திலிருந்தே எடுத்துக் கட்டுவார்கள். வலை பாதியில் நிற்கும். முதல் தவணை ஜூலைக்குப் பிறகு வரட்டும்.

மீன்பாடு நன்றாக இருக்கும் மாதத்தில் ஒருவர் 5,000 கூடுதலாகக் கொண்டுவந்தால், அதை அசலில் கழிப்பதா, வரும் தவணைகளுக்கு வரவு வைப்பதா என்று அவரையே கேளுங்கள். அசலில் கழித்தால் வட்டி குறையும், ஆனால் அடுத்த மாதத் தவணை அப்படியே நிற்கும். இது தெரியாமல், “முன்னாடியே கட்டிட்டேனே” என்று இருந்துவிட்டு பாக்கிதாரர் ஆகிறவர்கள் உண்டு. எதுவானாலும் அன்றைக்கே கடன் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கடலோரக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுவோர்