நெருப்பை அணைத்தது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்பிழைப்புக் கதை என்றாலே ‘மனிதனுக்கும் இயற்கைக்கும் போராட்டம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பாடநூல் முதல் நூல் மதிப்புரை வரை வழக்கமாகிவிட்டது. கதை நடக்கும் களத்தையும் கதைசொல்லும் குரலையும் தொடாமல் யாருக்கும் எதற்கும் மோதல் என்ற முரணை மட்டும் பேசினால், எல்லாக் கதையும் ‘விடாமுயற்சி வெல்லும்’ என்ற அறிவுரையாகத்தான் சுருங்கும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் ‘டு பில்ட் எ ஃபயர்’ (நெருப்பு மூட்ட) என்ற ஒரே தலைப்பில் ஒரே கதையை இருமுறை எழுதினார். 1902-இல் சிறுவர் இதழ் ஒன்றில் வந்த வடிவத்தில் நாயகனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு. தனியே பயணம் போகக் கூடாது என்ற பாடத்தோடு பிழைத்துவிடுகிறான். 1908 வடிவத்தில் அவனுக்குப் பெயரும் இல்லை, உயிரும் மிஞ்சவில்லை. கூடவே ஒரு நாய் வருகிறது. கனடாவின் வடமேற்கிலுள்ள அதே யூகான் பனி, தண்ணீரில் நனைந்த அதே ஈரக் கால்கள்தான். ஆனால் கதை சொல்லும் பொருள் வேறு.

இரண்டாம் வடிவத்தில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 75 டிகிரி ஃபாரன்ஹீட். துப்பிய எச்சில் தரையில் விழுமுன்பே படபடவென வெடித்து உறைகிறது. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பதையும் தாண்டிவிட்டது என்பது மட்டும் அவனுக்குப் புரிகிறது. 75 என்பதைக் கதைசொல்லி நம்மிடம் சொல்லிவிடுகிறார். அவன் அறிந்ததற்கும் நாம் அறிந்ததற்கும் உள்ள அந்த இடைவெளியில்தான் அச்சம் பிறக்கிறது. அளவை மறைத்திருந்தால் அது வெறும் குளிர் வருணனை.

நனைந்த கால்களை உலர்த்த அவன் நெருப்பு மூட்டும் இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். சுள்ளி ஒடிக்க வசதி என்று ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியிலேயே மூட்டுகிறான். காற்றே இல்லாததால் கிளைதோறும் பனி கனத்துக் கிடக்கிறது. ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் லேசாக அதிர்கிறது. உச்சிக் கிளையின் பனி கீழ்க்கிளையில் சரிய, அது அடுத்ததில் சரிய, மொத்தமும் நெருப்பின் மேல் விழுகிறது. அணைத்தது பனியா, அவன் கையா? தனியே போகாதே என்ற முதியவரின் எச்சரிக்கையைச் சிரித்துத் தள்ளிய தன்னம்பிக்கைதான் இங்கே எதிரி. இதை ‘இயற்கையோடு போராட்டம்’ என்று எழுதிவைப்பது பாதிப் பதில்தான்.

குரல் மாறினால் கேள்வியே மாறிவிடும். 1719-இல் வந்த டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ நாவல், நாயகனே ‘நான்’ என்று சொல்லும் தன்மையில் சொல்லப்படுகிறது. குரூசோ 28 ஆண்டுகள் தீவில் இருந்தான் என்பது முகப்புத் தாளிலேயே அச்சாகியிருந்தது. பிழைப்பானா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை, எப்படிப்பட்டவனாகத் திரும்பினான் என்பதுதான் கேள்வி. மை தீர்ந்ததும் அவன் நாட்குறிப்பு நின்றுபோவதும் (எவ்வளவு நுட்பமான இடம்!) களம் குரலின் மேல் கைவைக்கும் தருணம்தான்.

வகுப்பில் ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சி தரலாம். ஜாக் லண்டனின் 1908 கதையின் கடைசிப் பத்தியை ‘நான்’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். செத்தவன் சொல்ல முடியாது. நாய் காத்திருப்பதும், அருகே போய் மரண வாடையை முகர்வதும், பிறகு முகாம் இருக்கும் திசையில் ஓடுவதும் சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்