ஜூலை 11, வேலூர்

அன்பு மச்சான்,

ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுக்கு காபி பந்தயத்தில் நீ தோற்றது அப்படியே பாக்கி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகள் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். நேற்று ஜூலை 10, நம்ம வேலூர் மக்கானில் சிப்பாய் புரட்சி நினைவுத்தூணில் மரியாதை. கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனேன். மலர் வளையம் வைத்ததும் எல்லாரும் மௌனமாக நின்றார்கள். என் பக்கத்தில் கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர், பழைய பட்டாளத்துக்காரர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு விறைப்பாக நின்றார். அவரைப் பார்த்துப் பூக்காரம்மாவும் கழற்றினாள். பைக்கை நிறுத்திய பையன் ஹெல்மெட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது மச்சான். யார் யாரோதான், ஆனால் அந்த நேரத்தில் எல்லாரும் ஒரு வீட்டுக்காரர்கள் போல இருந்தோம். வாத்தியார் எத்தனை முறை நடத்தினாலும் வராத நெருக்கம் அது.

சாயங்காலம் மகள் கேட்டாள், தலைப்பாகைக்காகவா சண்டை போட்டார்கள் என்று. தலைப்பாகை மட்டுமா? நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த தொப்பி போடு என்று 1805-இல் வெள்ளைக்காரக் கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு. அடுத்த ஜூலையில், விடிவதற்கு முன்பே, நெற்றிக் குறியை இழந்தவனும் தாடியை இழந்தவனும் ஒன்றாக எழுந்து வேலூர்க் கோட்டையில் திப்புவின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. செத்தவர்கள் நூற்றுக்கணக்கில். நாங்கள் நேற்று மௌனமாக நின்றது செத்துப்போன அந்தச் சிப்பாய்களுக்குத்தான்.

அப்புறம் அவளை லாங் பஜார் மணிக்கூண்டுக்குக் கூட்டிப்போனேன். இந்த ஊரிலிருந்து 277 பேர் முதல் உலகப் போருக்குப் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அங்கே கல்லில் இருக்கிறது. நாம் எத்தனை நாள் அதன் கீழே நின்று கதை பேசியிருப்போம், ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தோமா? வெள்ளைக்காரனுக்காகப் போனவர்கள்தானே என்பாய். இருக்கட்டும், போனது நம்ம தெருப் பிள்ளைகள். மகள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இவங்களுக்கு எந்தத் தேதிப்பா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. ராத்திரி தூக்கமும் இல்லை.

அந்தப் போர் நின்றது 1918 நவம்பர் 11. அந்தத் தேதியில் காலையிலேயே மணிக்கூண்டுக்குப் போகப்போகிறேன், மகளோடு. ஒல்லியும் வருகிறான். நீயும் லீவு போட்டுவிட்டு வா. பூ நான் வாங்கி வைக்கிறேன்.

உன் நண்பன்