நடப்பு நிகழ்வுகளை நம்மூரிலிருந்து படிக்கலாம்

சேரன்மகாதேவி

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு முட்டுவலி குறைந்திருப்பதில் நிம்மதி. இங்கே அம்மா சுகம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வருகிறது, பிசானத்துக்கு நாற்றுப் பாவியாச்சு.

மகள் குரூப் 2-க்குப் படிக்கிறாள், நடப்பு நிகழ்வுகள் மட்டும் மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். சாயங்காலம் நூலகத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அந்தப் பகுதியைத்தான் நான் பார்த்துவருகிறேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மாத இதழ் வாங்கி ஒருவரிச் செய்தியாக உருப்போட்டால் அடுத்த மாத இதழ் வரும்போது போய்விடும். அதே செய்தியை 'ஏன்' என்று கேட்டு, நம்ம பக்கத்து ஊர் ஒன்றோடு சேர்த்துவிட்டால் போகாது. நம் சீமைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. விண்வெளி, வணிகம், சுற்றுச்சூழல் மூன்றுக்கும் பஸ் ஏறினால் போய்ப் பார்க்க இடம் இருக்கிறது.

குலசேகரப்பட்டினத்தை எடுத்துக்கொள். 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 'ஏன் குலசை' என்று கேட்டால் பிள்ளைகள் எல்லோரும் 'நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்' என்கிறார்கள். அது முக்கியக் காரணம் இல்லை. கிழக்கு நோக்கி ஏவும்போதுதான் பூமி சுழற்சியின் உதவி பெரிதாகக் கிடைக்கும். குலசையில் பார்ப்பது துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதை, அதற்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. அதைச் சுற்றி வளைந்து போவதில் எரிபொருள் வீணாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும். ஐந்நூறு கிலோ சுமக்கிற எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட் தாங்காது. குலசைக்குத் தெற்கே வெறும் கடல். வரைபடத்தை விரித்து அவளையே கோடு போடச் சொல், பிறகு மறக்க மாட்டாள். கையோடு மகேந்திரகிரியையும் படிக்கட்டும். சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன எல்விஎம்-3 ராக்கெட்டின் கிரையோஜெனிக் என்ஜினைச் சோதித்தது பணகுடிக்குப் பக்கத்து அந்த மலையடிவாரத்தில்தான். கிரையோஜெனிக் என்றால் கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடுவது: திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸ், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, இரண்டையும் கேட்பார்கள்.

வணிகத்தில் புவிசார் குறியீடு, அதாவது ஒரு ஊரின் தனிச்சிறப்பான பொருளுக்கு அந்த ஊர்ப் பெயரோடு கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு. நம் பக்கத்துப் பட்டியல் நீளம்: உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், 2023-இல் வீரவநல்லூர் செடிபுட்டாச் சேலை. பத்தமடைப் பாய் முன்பே வாங்கிவிட்டது. சட்டம் 1999-இல் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறை, பதிவகம் சென்னையில், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ஆதங்கம். பதிவேட்டில் இரண்டு பகுதி உண்டு. முதலாவதில் குறியீட்டின் உரிமையாளர், பெரும்பாலும் ஒரு சங்கம். இரண்டாவதில் அங்கீகரிக்கப்பட்ட பயனர், அதாவது செய்து விற்கிறவர். தறியில் உட்காருகிறவர் பெயர் இரண்டாவது பகுதியில் ஏறினால்தான் சட்டத்தின் பலன் அவர் கைக்கு வரும்.

பத்தமடையில் ஒரு வீட்டில் பட்டுப்பாய், அதாவது பட்டுப்போல மெல்லிய கோரைப்பாய், நெய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோரையை வகிர்ந்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி நூல் மாதிரி வகிர்கிறார்கள். அந்த அம்மாவின் விரல்நுனி கன்றிப்போயிருந்தது. நெய்த பாயை வேட்டி போல மடித்துக் கையில் தந்தார். கோரைக்கும் ஆறு வேண்டும், ஊறப்போடவும் ஆறு வேண்டும். தாமிரபரணியில் சாக்கடை கலக்கிறது என்பது சுற்றுச்சூழல் செய்தி, பத்தமடைப் பாய் வணிகச் செய்தி என்று தனித்தனியாகப் படித்தால் பரீட்சைக்கும் பயனில்லை, ஆற்றுக்கும் பயனில்லை.

சுற்றுச்சூழல் என்றால் கூந்தன்குளம். 1994-இல் பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தது. ஊருக்குள் வீட்டு மரத்திலேயே நாரை கூடு கட்டும். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். சட்டம் வருவதற்கு முன்பே காத்தது ஊர்ச்சனம்தான் என்பதை விடைத்தாளில் எழுதுகிறவர் குறைவு.

எண்ணிக்கைகளில் மட்டும் கவனம். தமிழ்நாட்டில் ராம்சர் இடங்கள் 20 என்று எழுதினால் பக்கத்தில் '2025 பிப்ரவரி' என்று தேதி போடச் சொல். வரி விகிதங்களும் அப்படித்தான். 2025 ஆகஸ்ட் 27-இல் நம் பொருட்களுக்கு இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதம் ஆக்கியது என்றால் அது அன்றைய கணக்கு. அந்த வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர் என்பதும், ஆர்டர் குறைந்து அடி விழுவது திருப்பூருக்கும் தூத்துக்குடி இறாலுக்கும் என்பதும்தான் தெரிய வேண்டிய விஷயம்.

பொங்கல் லீவில் அவளை இங்கே அனுப்பு. கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்திருக்கும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வரும்போது பழைய பள்ளிப் புத்தகத்தில் ஏழு முதல் பத்து வரை சமூக அறிவியல் இருந்தால் கொடுத்துவிடு, நூலகத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வேண்டும்.

அன்புடன்,
உன் நண்பன்
பரமசிவன்