மாறுவேடமும் மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 குழந்தைகள் நாளுக்கும் டிசம்பர் 11 பாரதியார் பிறந்த நாளுக்கும் பள்ளிகளில் மாறுவேடப் போட்டி நடத்துவது வழக்கமாகிவிட்டது. நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்கான அறிவிப்பு இரண்டு மூன்று நாள் முன்னதாக மட்டுமே வருவதும், அன்றைக்குக் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக்கூட மாத்திரை கொடுத்து அனுப்பிவைக்கச் சொல்வதும் நிற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு டிசம்பர் 8 மாலை, மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பாரதியார் வேடத்தில் வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உடைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் கேட்டதற்கு ஒரு நாளைக்கு 350 ரூபாய் என்றார்கள். அவர்கள் எடுத்துக் காட்டிய நைலான் கோட்டின் கழுத்துப் பட்டையில், அதற்கு முன் போட்டுக் கழற்றிய பிள்ளைகளின் பவுடரும் வியர்வையும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தன. அந்த ஒரு கோட்டு ஒரு வாரத்தில் எத்தனை பிள்ளைகளின் உடம்பில் ஏறி இறங்கும் என்று நினைத்ததும், வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

கணவரின் பழைய கறுப்புப் பேண்டைப் பிரித்து, இஸ்திரி போட்டு விரித்து, மகனின் பள்ளிச் சட்டையை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூட்டிச் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். உடம்புப் பகுதி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தோளில் சுருக்கம் விழாமல் கையை இணைப்பதுதான், பாவாடையும் தலையணை உறையும் மட்டுமே தைத்துப் பழகிய எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. பாத்திரம் கழுவி முடித்த பிறகு உட்கார்ந்து, இரண்டு இரவுகளில் இரண்டு முறை பிரித்துத் தைத்தேன். முண்டாசுக்கு மாமனாரின் பழைய மல் வேட்டி கிடைத்தது. அதைப் பேரனின் தலையில் சுற்றிப் பார்த்துக்கொண்டே என் மாமியார், பாரதியார் 1898-இல் காசிக்குப் போய் அங்கே வாழ்ந்த காலத்தில்தான் இந்த முண்டாசும் மீசையும் வந்தன என்று சொல்ல, அவன் கண்ணாடியை விட்டு நகராமல் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இத்தகைய நிகழ்ச்சிகள் தொடர வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

பத்தாம் தேதி இரவு பையனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெப்பமானியில் 101.5 டிகிரி. புளியைக் குறைத்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்து, சாதத்தைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். நான்கு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. காலையில் பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னபோது, குழுவில் ஒரு பிள்ளை குறைந்தால் நிகழ்ச்சியே கெட்டுவிடும், ஒரு பாராசிட்டமால் கொடுத்து அனுப்புங்கள், மேடை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பதில் வந்தது. அனுப்பினேன். அந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. கனத்த கறுப்புக் கோட்டோடு, தகரக் கூரையின் கீழ் இரண்டு மணி நேரம் காத்திருந்து, தன் முறை வந்து நான்கு வரி சொல்லிவிட்டு இறங்கியவன், படியிலேயே வாந்தி எடுத்தான். அடுத்த நான்கு நாள் படுக்கை. மூன்றாம் நாள் அவன் தங்கையும் படுத்தாள். அதே வாரத்தில் அவன் வகுப்பிலும் பல பிள்ளைகள் வரவில்லை என்று மற்றத் தாய்மார்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

பாராசிட்டமால் உடம்புச் சூட்டைச் சில மணி நேரத்துக்குத் தணிக்கும். நோயையும் அது பரவுவதையும் தடுக்காது. மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அறிவுரை. அதிலும் வடகிழக்குப் பருவமழைக் காலம் எங்கள் பக்கம் டெங்கு நடமாடும் காலம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பதால், சூடு தணிந்துவிட்டதே என்று பிள்ளையை மேடையில் ஏற்றுவது எவ்வளவு பெரிய பிசகு என்பதைப் பள்ளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஆண்டு விழாவில் கொடுக்கும் நூறு விழுக்காடு வருகைப் பரிசு. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்குக் கோப்பை கிடைக்கிறது. அந்தக் கோப்பைக்காகச் சளியோடும் கண்வலியோடும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். என் மகனும் அன்று, "போகலைன்னா பரிசு போயிடும்மா" என்றுதான் அழுதான். அந்தப் பரிசைத் தயங்காமல் நிறுத்திவிடலாம்.

வேட நிகழ்ச்சிக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுங்கள். எங்கள் தெருவிலேயே, அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் பெற்ற ஒரு பெண்மணி இருக்கிறார். நாள் இருந்திருந்தால் நாலைந்து பிள்ளைகளுக்கு அவரே தைத்திருப்பார், வாடகைக் கடைக்குப் போகும் பணம் அவர் கைக்குப் போயிருக்கும். வீட்டில் இருக்கும் வேட்டி, துண்டு, பழைய சட்டை ஆகியவற்றைக் கொண்டே வேடம் போட்டால் போதும் என்று அந்த அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு வேடத்துக்கும் மாற்றாக இன்னொரு பிள்ளைக்கும் வசனத்தைச் சொல்லிக் கொடுத்து வைத்தால், காய்ச்சலில் கிடப்பவனை எழுப்ப வேண்டிய தேவையே இருக்காது. நாடகத்துக்கு இப்படி ஆள் வைப்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததன்று.

அன்று வர முடியாமல் போன பிள்ளை, உடம்பு தேறி வந்த பிறகு, வகுப்பறையிலேயே அந்த உடையோடு ஐந்து நிமிடம் நின்று பேச இடம் கொடுக்குமாறும் பள்ளித் தலைமை ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மயிலாடுதுறை